பதிமூன்று கேன் தண்ணீர்

ஒரு லிஃப்ட் சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே நிற்பவருக்கு அது போவதே தெரியாது. கிளம்பும் நொடியில் உள்ளங்காலில் ஓர் அழுத்தம், நிற்கும் நொடியில் வயிற்றுக்குள் ஒரு லேசான தூக்கல். நடுவில் எத்தனை மாடி கடந்தாலும், நின்ற இடத்தில் நிற்பதுபோலத்தான் இருக்கும். இருபத்தாறு வருடமாக லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் எழுதிவரும் இன்ஸ்பெக்டருக்கு, மனைவி இறந்த பிறகு வந்த ஏழு மாதங்களும் அப்படித்தான் போயின. சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்குப் போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதபோது அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

தெருவில் அவருக்குப் பெயரே இன்ஸ்பெக்டர்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் போலீஸ் என்று நினைத்து ஒரு மாதம் வண்டியை ஒழுங்காக நிறுத்துவார்கள். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் என்று தெரிந்த மறுநாள், பழையபடி வாசலை அடைத்து நிறுத்துவார்கள். "மரியாதையும் லிஃப்ட் மாதிரிதான் அத்தான், ஏறினா இறங்கத்தானே வேணும்" என்பான் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரன். நானூறு பேருக்கு உப்பு பிசகாமல் சமைப்பான். நாலு பேருக்குச் சமைக்கச் சொன்னால் திருதிருவென்று விழிப்பான். ஏழு மாதமாக ஒரு ஞாயிறு விடாமல் வந்துகொண்டிருந்தான். வந்ததும் ஜன்னல்களைத் திறப்பான், ஃப்ரிட்ஜில் கெட்டுப்போனதை எடுத்து வெளியே போடுவான், தான் கொண்டுவந்ததை உள்ளே வைப்பான், இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவான். அவள் பக்கத்திலிருந்து இன்னும் அந்த வீட்டுப் படி ஏறுகிற ஆள் அவன் ஒருவன்தான்.

அந்த மச்சானிடம்தான் இன்ஸ்பெக்டர் ஒரு பொய் சொல்லியிருந்தார். மனைவியின் கடைசி நாள் காலை எட்டே முக்காலுக்கு, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, படுக்கையில் இருந்தபடி அவள் தம்பியை வரச் சொல்லச் சொன்னாள். அது அவன் அடுப்பு முன்னால் நிற்கும் நேரம். சமையல் முடியும்வரை கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்; கேன்டீன் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஆள் விட்டுத்தான் கூப்பிட வேண்டும். சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நர்ஸ் வந்ததும் அவர் வேலைக்குக் கிளம்பினார். மூன்று மணிக்கு நர்ஸ் போன் செய்தாள். நாலு மணிக்கு வந்து நின்ற மச்சான் முதலில் கேட்டது, "என்னைக் கேட்டாளா அத்தான்?" இல்லை, தூங்கிக்கொண்டேதான் இருந்தாள் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அவன் வேறு வேறு வார்த்தைகளில் நான்கு முறை அதையே கேட்டுவிட்டான். நான்கு முறையும் அவர் அதே பதிலைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வாய் சுலபமாகத் திறந்துகொண்டது. அதுதான் அவருக்கு ஆச்சரியம். தொழிலில் அவர் ஒரு மில்லிமீட்டரைக்கூட மாற்றி எழுதியதில்லை.

கேன்டீன் அடுப்புகளை வருடத்துக்கு ஒரு வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த வாரத்துக்கு மச்சான் ஒரு திட்டம் போட்டான். அணைக்குக் கீழே படகை இறக்கி, ஐந்து நாள் துடுப்புப் போட்டு, ஆறு கடலைப் பார்க்கிற இடத்திலுள்ள பாலத்தில் கரையேறுவது. இரவில் ஆற்றோரம் கூடாரம். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை, சரி என்றார். படுத்த பிறகுதான் உறைத்தது. ஐந்து நாள், ஒரே படகு. எழுந்து போக இடமில்லை. அவன் மறுபடியும் கேட்பான். உண்மையைச் சொன்னால் அவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் ஐந்து நாளும் அவன் முகத்துக்கு முன்னால் பொய்யைத் துடுப்புப் போட வேண்டும். ஆளுக்கொரு படகு என்றால் நடுவில் தண்ணீர் இருக்கும். ஆக, இரண்டு படகு எடுக்க வேண்டும். அதற்கு நியாயமான காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை இருவரும் படகு வாடகைக்கு விடும் இடத்துக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரும்புச் சட்டங்களில் படகுகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். கயிற்றுக்கொடியில் லைஃப் ஜாக்கெட்டுகள் காய்ந்தன. உள்ளே நுழைந்ததும் ஈரக் கயிறும் ரப்பரும் கலந்த வாடை. சுவரில் ஆற்றின் வரைபடம், மேலே பிளாஸ்டிக் உறை. ஆபத்தான இடங்களில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தது.

கொட்டகையை நடத்துகிற படகுக்காரம்மா கட்டையான ஆள், ஒட்ட வெட்டிய முடி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி, கயிற்றில் ஒரு தக்கையையும் கோத்திருந்தார். தண்ணீரில் விழுந்தால் கண்ணாடி மிதக்கும். இன்ஸ்பெக்டருக்கு அந்த ஏற்பாடு பிடித்தது. ஏழு மாதத்தில் அவருக்குப் பிடித்த முதல் விஷயம் அதுவாக இருக்கலாம். ஆனால் பிடித்தது என்று மனதில் குறித்துக்கொண்டாரே தவிர, பிடித்த மாதிரி எதுவும் உள்ளே நடக்கவில்லை.

படகுக்காரம்மா படகைக் காட்டுவதற்கு முன்னால் ஆற்றைக் காட்டினார். நல்ல படகு என்று ஒன்று தனியாகக் கிடையாது, இந்தத் தண்ணீருக்கு நல்ல படகு என்றுதான் உண்டு என்பது அவர் கட்சி. முதல் இரண்டு நாள் ஆறு குறுகல். கல்லும் வளைவும் அதிகம். அங்கே சட்டென்று திரும்புகிற படகு வேண்டும். மூன்றாம் நாள் ஒரு தடுப்பணை குறுக்கே வரும். அங்கே படகைத் தூக்கிக்கொண்டு நானூறு மீட்டர் நடக்க வேண்டும், அதனால் கனம் முக்கியம். கடைசி இரண்டு நாள் ஆறு ஏரி மாதிரி விரிந்துவிடும். மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று. அங்கே நேர்கோட்டில் ஓடுகிற, காற்றில் அகப்படாத படகு வேண்டும்.

"மூணும் ஒரே படகுல கெடைக்காது" என்றார். "மாப்பிள்ளை தேடற மாதிரிதான். எதை விட்டுக்கொடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத் தேடணும்."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் காற்றடைக்கும் ரப்பர் படகு. மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும், தூக்கச் சுலபம். ஆனால் தண்ணீருக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். எதிர்க்காற்று அடித்தால் நீங்கள் கடலுக்குத் துடுப்புப் போடுவீர்கள், அது அணைக்குத் திரும்பும். அடுத்தது ஒற்றை ஆள் கயாக். நீளம், ஒல்லி, மேலே மூடியிருக்கும். இடுப்புவரை உள்ளே நுழைத்து உட்கார வேண்டும். நீளம் கூடினால் நேராக ஓடும், திருப்பக் கஷ்டம். குட்டையானால் நினைத்த பக்கம் திரும்பும், நேராகப் போகச் சொன்னால் கேட்காது. மூன்றாவது, திறந்த இரட்டைப் படகு. இரண்டு பலகை இருக்கை, நடுவில் ஒரு வாரத்துச் சாமான் வைக்க இடம். அடிப்பாகத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நடுவில் தட்டை; இரு முனைகளிலும் மெல்ல மேலேறுகிறது. தட்டையாக இருப்பதால் ஆடாமல் நிற்கும், முனைகள் மேலேறுவதால் கல்லுக்கு நடுவில் சுழன்று திரும்பும். குறை ஒன்றுதான், பக்கச் சுவர் உயரம், காற்று பிடிக்கும்.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதினார். இரட்டைப் படகு முப்பத்துநாலு கிலோ, ஒரு முனைக்குப் பதினேழு, தூக்கலாம். ஒற்றைக் கயாக் ஒன்று இருபத்துநாலு. இரண்டையும் தடுப்பணையில் கடத்த இருவரும் இரண்டு நடை நடக்க வேண்டும். எதிர்பாராத விதமாக எண்கள் இரட்டைப் படகின் பக்கம் சாய்ந்தன.

மச்சான் ஏற்கெனவே இரட்டைப் படகின் முன் இருக்கையைத் தட்டிக்கொண்டிருந்தான். இதிலேயே போகலாம், வாய் வலிக்கிறவரை பேசலாம் என்றான்.

"யோசிச்சுக்குங்க" என்றார் படகுக்காரம்மா. "இதுல ஒண்ணா ஏறின ஜோடி எத்தனையோ, கரையேறினதும் ஆளுக்கொரு பஸ் பிடிச்சிருக்கு."

"நாங்க அத்தான் மச்சானுங்க. சண்டை போட எங்களுக்குப் படகு எதுக்கு?"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். எடைச் சோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். படகில் ஒட்டியிருந்த தகட்டில் முந்நூறு கிலோ என்று போட்டிருப்பதைப் படகுக்காரம்மா காட்டினார். தகட்டில் போட்டிருப்பதை நம்பினால் தனக்கு வேலையே இல்லை என்று இவர் பதில் சொன்னார். லிஃப்டில் ஆறு பேர் என்று எழுதியிருந்தால், ஆறு பேர் எடைக்கு மேல் கால் பங்கு கூட்டி, இரும்புக் கட்டிகளை அடுக்கி, ஓட்டிப் பார்த்து, கயிறு எவ்வளவு வழுக்குகிறது என்று அளந்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கால் பங்குக்குள்தான் அவசரமாக ஏறும் ஏழாவது ஆளும் அவர் கையில் இருக்கும் மளிகைப் பையும் அடங்கும்.

உள்ளூர அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கனத்தை ஏற்றினால் படகின் விளிம்பு தண்ணீரை நெருங்கும். நெருங்கினால் தோற்றதாக எழுதிவிடலாம். மச்சானின் உடம்பே அதற்குப் போதும் என்று நினைத்தார்.

கொட்டகையில் இரும்புக் கட்டி இல்லை. ஆனால் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் இருந்தன. ஆறும் பக்கத்திலேயே இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிட நேர்மையான எடைக்கல் கிடையாது. காலி கேனைக் கொக்கித் தராசில் மாட்டினார், எண்ணூறு கிராம். தன் எடை அறுபத்தெட்டு, மச்சானுடையது தொண்ணூற்றேழு.

"அதைக் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க அத்தான், ஆத்துல மீனெல்லாம் கேக்குது."

கூடாரம், படுக்கை, அடுப்பு, பாத்திரம், ஐந்து நாள் சாப்பாடு, குடிதண்ணீர், எல்லாம் சேர்த்து ஐம்பது. மொத்தம் இருநூற்றுப் பதினைந்து. கால் பங்கு கூட்டினால் இருநூற்று அறுபத்தொன்பது. பதிமூன்று கேன் என்றால் இருநூற்று எழுபது. சரியாக வந்தது.

மச்சான் முணுமுணுத்துக்கொண்டே கேன்களை நிரப்பி, படித்துறையில் கட்டியிருந்த இரட்டைப் படகுக்குள் இறக்கினான். இன்ஸ்பெக்டர் மண்டி போட்டு, எஃகு டேப்பைச் செங்குத்தாகப் பிடித்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த உயரத்தை ஒவ்வொரு கேனுக்கும் அளந்து எழுதினார். ஒரு கேனுக்குப் படகு முக்கால் சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. அகலமான அடிப்பாகம் என்பதால் கொஞ்சம் இறங்கினாலே நிறைய தண்ணீரை விலக்கிவிடுகிறது. எவ்வளவு எடைத் தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத்தான் அது சுமக்கும். பதிமூன்றாவது கேனிலும் விளிம்பு தண்ணீருக்கு மேல் இருபத்தொரு சென்டிமீட்டர் இருந்தது. பதினைந்து இருந்தால் போதும் என்று படகுக்காரம்மா முன்பே சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் படகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு முறை சாய்ந்து, மெத்தென்று நேராக நின்றது.

பதினாலு என்று எழுதலாம், பத்து என்றும் எழுதலாம். யார் கேட்கப் போகிறார்கள்? பென்சில் இருபத்தொன்று என்று எழுதியது. கீழே, பழக்கத்தில், 'தேர்ச்சி' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மச்சான் கேன்களை எடுத்துக் கவிழ்த்தான். பாஸான படகில் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்றான். கனமான ஆள் பின்னால் என்பது படகுக்காரம்மாவின் விதி. முன்முனை லேசாக இருந்தால்தான் பின்னால் இருப்பவன் படகைத் திருப்ப முடியும். ஆகவே மச்சான் பின்னால், இன்ஸ்பெக்டர் முன்னால். உட்கார்ந்த பிறகுதான் இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் அவருக்குத் தெரிந்தது. பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவரின் முதுகு முழுதாகத் தெரியும். முன்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. பேச்சு மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்.

அவர் இன்னொன்றையும் கவனிக்கத் தவறியிருந்தார். கேன் படகின் தரையில் உட்காரும், அசையாது. மனிதன் பலகை மேல் உட்காருவான், அசைவான். லிஃப்டுக்கு இந்த வித்தியாசம் கிடையாது. உள்ளே நீங்கள் திரும்பினாலும் குதித்தாலும் இருபுறமும் செங்குத்தாக ஓடும் தண்டவாளம் பிடித்துக்கொள்ளும். இருபத்தாறு வருடமாகத் தண்டவாளத்தில் ஓடுவதையே சோதித்த ஆள், தண்டவாளம் இல்லாத ஒன்றுக்கும் அதே சான்றிதழைக் கொடுத்துவிட்டார்.

கரையை ஒட்டியே பத்துத் துடுப்புப் போட்டார்கள். மச்சான் இடது, வலது என்று கேன்டீன் குரலில் ஏவிக்கொண்டிருந்தான். பிறகு ஏவல் நின்றது. படகு தானாக வழுக்கிக்கொண்டு போனது. அந்த அமைதியில் அவன் கேட்டான்.

"அத்தான், அன்னிக்குக் காலைலயும் அவ ஒண்ணுமே பேசலையா?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். தலையை மட்டும் திருப்பியிருக்கலாம். உடம்போடு திரும்பினார்; படகு அந்தப் பக்கம் சாய்ந்ததும் லிஃப்டின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல அந்தப் பக்க விளிம்பையே இரண்டு கையாலும் பிடித்து அதன் மேல் கனத்தைப் போட்டார். படகு ஒரு மரியாதையும் பார்க்காமல் கவிழ்ந்தது.

தண்ணீர் இடுப்பளவுதான். குளிர்ந்தது என்பது அவருக்கு ஒரு தகவலாக வந்து சேர்ந்தது. கால் சேற்றைத் தொட்டதும் நிமிர்ந்து நின்றார். மச்சான் மறுபக்கம் எழுந்து, மூக்கைச் சிந்தி, கவிழ்ந்த படகின் மேல் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தான். சான்றிதழ் கொடுத்த இன்ஸ்பெக்டர் யாருங்க, அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க என்றான். படித்துறையிலிருந்து படகுக்காரம்மாவும் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

இன்ஸ்பெக்டருக்கும் மச்சானுக்கும் நடுவில் படகின் வெளுத்த அடிப்பாகம் மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன்னைக் கேட்டா."

"என்னது?"

"அன்னிக்குக் காலைல. எட்டே முக்காலுக்கு. தம்பிய வரச் சொல்லுங்கன்னா. நீ அடுப்புல நிப்பேன்னு, சாயங்காலம் சொல்றேன்னேன். அப்பறம் உன்கிட்ட அவ கேக்கவே இல்லைன்னு சொல்லிட்டேன்."

மச்சானின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, எடுக்க மறந்த பாத்திரம்போல. பிறகு அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"எட்டே முக்காலா?"

"ஆமா."

"அன்னிக்கு கேஸ் வண்டி வரலை" என்றான். "பதினோரு மணி வரைக்கும் அடுப்பே பத்த வைக்கலை. வாசல்ல உக்காந்து சீட்டாடிட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றார். வயிற்றுக்குள் அந்தத் தூக்கலாவது வரும் என்று. வரவில்லை. லைஃப் ஜாக்கெட் தாடையைத் தள்ளிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கவிழ்ந்த படகைத் தண்ணீரில் நின்றபடி காலி செய்வது ஒரு ஆளால் ஆகாது. நேராக நிமிர்த்தினால் உள்ளே தண்ணீரோடுதான் நிமிரும். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கவிழ்ந்த நிலையிலேயே ஒரு பக்க விளிம்பை முதலில் லேசாகத் தூக்கி உள்ளே காற்று புகவிட வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் தலைக்கு மேல் தூக்கி, ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒருவர் முந்தினால் பாதி ஆறு உள்ளே வந்துவிடும். படித்துறையிலிருந்து படகுக்காரம்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். முதல் முறை இன்ஸ்பெக்டர் முந்திவிட்டார். இரண்டாம் முறை சரியாக வந்தது. மச்சான் படகைத் தள்ளிக்கொண்டு கரைக்கு நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

படகுக்காரம்மா இரண்டு துண்டு கொடுத்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இரட்டைப் படகிலிருந்து இறங்குகிறவர்களின் முகங்களை நிறையப் பார்த்தவர். கணக்கு எழுதுவதுபோல எங்கேயோ போய்விட்டார். மச்சான் கொட்டகையின் அந்தக் கோடியில், கழற்றி வைத்திருந்த இருக்கைப் பலகை ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, தரையைப் பார்த்தபடி இருந்தான். அழுகிறானா என்பது துண்டினால் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஈரச் சட்டையோடு இந்தக் கோடியில் நின்றார். போய் ஏதாவது சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அது காரணம் சொல்வதாகத்தான் இருக்கும்: அடுப்பு, பூட்டின கைபேசி, அவள் தினமும் யாரையாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது. எல்லாம் உண்மை. சரியான காரணங்களை வரிசையாக அடுக்கித்தான் அன்றைக்கு அவர் வேலைக்கே கிளம்பினார். ஆகவே சும்மா நின்றார். இனி ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைத் தானே திறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தார். பிறகு, திறக்காமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தார். இரண்டு நினைப்பும் ஒரே கனமாகத்தான் இருந்தன.

நனைந்த நோட்டைப் பிரித்து, 'தேர்ச்சி' என்று எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். பென்சில் எழுத்து தண்ணீரில் அழிவதில்லை. பக்கத்தில் எழுதினார்: 'அசையாத பாரத்துக்கு மட்டும்.'

அரை மணி நேரம் போயிருக்கும். மச்சான் எழுந்து வந்தான். இவரைத் தாண்டிப் படகுக்காரம்மாவிடம் போனான்.

"ஒத்தை கயாக் ரெண்டு குடுங்க. எனக்குக் கொஞ்சம் அகலமா."

இன்ஸ்பெக்டருக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. அவன் ஒன்று கேட்கவில்லை; இரண்டு கேட்டிருந்தான். காலையிலிருந்து அவர் என்னென்னவோ கணக்குப் போட்டு வாங்க நினைத்ததை அவனே கேட்டுவிட்டான். அவருக்குச் சந்தோஷமாக இல்லை.

படகுக்காரம்மா இரண்டு கயாக்கை இறக்கினார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து பார்த்தார்கள். உள்ளே கால் ஊன்றும் கட்டைகளை அவரவர் கால் நீளத்துக்கு நகர்த்தி மாட்ட வேண்டும். முழங்கால் லேசாக மடங்கி, தொடை மேல்பக்கத்தில் அழுந்த வேண்டும். அப்போதுதான் இடுப்பை அசைத்தாலே படகு கேட்கும். கயாக்கில் உட்காருவது என்பது கிட்டத்தட்ட அதைப் போட்டுக்கொள்வது. இன்ஸ்பெக்டர் கட்டையை நாலாவது துளையில் மாட்டினார். மச்சான் ஆறாவதில் மாட்டினான். தண்ணீரில் ஒரு சுற்று சுற்றி வந்தார்கள், இருபது அடி இடைவெளியில். இந்த முறை யாரும் கவிழவில்லை.

பிறகு சாமான் பிரிப்பது. கயாக்குக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அறைகள், ரப்பர் மூடி போட்டவை. படகுக்காரம்மா தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டம் வரைந்து, ஒன்று இவருக்கு, ஒன்று அவனுக்கு என்றார். இரண்டு படகு போனால் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு படகும் தனியாகப் போவதுபோலவே கட்ட வேண்டும். சாப்பாட்டில் பாதி இதில், பாதி அதில். ஆளுக்கொரு சின்னக் கூடாரம், ஆளுக்கொரு தீப்பெட்டி. ஒரு படகு கவிழ்ந்தாலோ, காற்றில் பிரிந்துபோனாலோ, இருவரில் யாரும் பட்டினியாகவோ நனைந்தோ கிடக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். லிஃப்டிலும் ஒரு கயிறு போதும் என்றாலும் நாலு கயிறு மாட்டுவார்கள். ஒவ்வொன்றும் தனியாகவே தாங்கும்.

ஆளுக்கு ஒன்றாகத் தரட்டுமா என்று சின்னக் கூடாரங்களை எடுக்கப் போனார் படகுக்காரம்மா. மச்சான் வேண்டாம் என்றான். தன் பையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் தன் கட்டத்தில் அடுக்கினான். கொண்டுவந்திருந்த பெரிய கூடாரத்தையும் இரண்டு படுக்கைகளையும் தூக்கி இன்ஸ்பெக்டரின் கட்டத்தில் வைத்தான்.

"இப்பதானே சொன்னேன்" என்றார் படகுக்காரம்மா. "ஒருத்தர் எங்கயாவது நின்னுட்டா, ஒருத்தருக்குச் சாப்பாடு இல்ல, இன்னொருத்தருக்குப் படுக்க எடமில்ல."

"தெரியுதுங்க. சாப்பாடு என்கிட்ட இருக்கட்டும், கூடாரம் அவர்கிட்ட இருக்கட்டும். பகல்ல அவரு எங்க வேணா போகட்டும், நானும் போறேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் கரையேறியாகணும்."

காலையிலிருந்து நூறு முறை அத்தான் என்றவன், தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு ஒரு முறைகூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்பதை இன்ஸ்பெக்டர் கவனித்தார்.

படகுக்காரம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அளந்து பார்க்கிறவராயிற்றே, நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

இந்த ஏற்பாடு தவறு என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். ஒன்று போனால் இரண்டும் போகிற மாதிரி எதையும் கட்டக்கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அப்படி ஒன்றை எந்தக் கட்டடத்திலும் அவர் அனுமதித்திருக்க மாட்டார்.

"அவன் சொல்ற மாதிரியே கட்டிக்கறோம்" என்றார்.

குனிந்து கூடாரத்தை எடுத்தார். அது கயாக்கின் பின்னறைக்குள் நுழைகிற மாதிரி நீளவாக்கில் இறுக்கிச் சுருட்ட வேண்டியிருந்தது. ஒரு ஆள் சுருட்டினால் நடுவில் காற்று நின்றுவிடும். அவர் இரண்டு முறை சுருட்டி, இரண்டு முறை அது பிதுங்கி வெளியே வந்தது. மூன்றாவது முறை மச்சான் எதிரில் வந்து மண்டி போட்டு, மறுமுனையை முழங்காலால் அழுத்திப் பிடித்தான்.